மீன் தொட்ட கை

குமுதாவை யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் பாவப்பட்டவள் அல்ல. கிள்ளான் பாசாரில் எனக்குப் பக்கத்துக் கடை அவளுடையது. நான் தேங்காய் துருவுகிறேன், அவள் மீன் வெட்டுகிறாள். விடியுமுன் வந்து செதில் சுரண்டி, குடல் எடுத்து, கேட்ட அளவில் துண்டு போட்டுக் கொடுப்பாள். அந்த மீனில்தான் அவள் வீடு ஓடுகிறது. புருஷன் கன்னையா லோரி ஓட்டுபவன். ஓட்டுகிற நாளைவிட முதலாளியோடு முறைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கும் நாள்தான் அதிகம்.

ஆனால் தைப்பூசம் நெருங்கினால் அவனே சாமியாகிவிடுவான். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, தரையில் படுக்கை. காவடி எடுப்பவன் விரதம் இருக்கத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் பால்குடம் எடுத்தவள்தான். ஆனால் அவன் அண்ணன் நாகையா செந்தூலில் உட்கார்ந்துகொண்டு போடுகிற சட்டம் இருக்கிறதே! காவடிக் குழுவுக்குத் தலைவராம். மீன் தொட்ட கை விரதக்காரன் அடுப்பைத் தொடக் கூடாது என்பது அவர் உத்தரவு. விரதம் முடியும்வரை குமுதா சொந்தச் சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது. தலை முழுகினாலும் கூடாது. சரி, கடையை மூடிவிடட்டுமா என்றால் அதுவும் வேண்டாமாம். மீன் ஆகாது, மீன் போடுகிற சோறு மட்டும் ஆகும்.

அப்படியானால் கன்னையாவுக்குப் பால் காய்ச்சுவது யார்? மகள் லோகிதா. பள்ளியில் ஆண்டு மூன்று, ஒன்பது வயதுப் பிள்ளை. முக்காலி போட்டு ஏறினால்தான் அவளுக்கு அடுப்பு எட்டும். இந்த மகராசனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன.

ஒரு சாயங்காலம் பால் பொங்கி வழிந்தது. பிள்ளை பதறிப்போய்ச் சட்டியை இழுத்தாள். கொதிக்கிற பால் நெஞ்சிலும் வலது கையிலும் கொட்டிவிட்டது. குமுதா கூடத்தில்தான் இருந்தாள். அலறல் கேட்டு ஓடியவளிடம் கன்னையா சொன்னானாம், "நீ உள்ள வராத, நான் பாத்துக்குறேன்." அவள் அவனைத் தள்ளிவிட்டுப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் குழாய்த் தண்ணீரில் நிறுத்தினாள்.

நான் மருத்துவமனைக்குப் போன நாளில் பிள்ளைக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துத் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "அம்மா, வேணாம்மா, வேணாம்மா" என்று அவள் கதறியது வராந்தா முழுக்கக் கேட்டது. நாகையாவும் வந்திருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது.

வாணி என்ற டாக்டர் வெளியே வந்து எங்களிடம் பேசினார். "மீன் தோல்ல செஞ்ச ஒரு கட்டு இருக்குங்க. சுத்தம் பண்ணி, கிருமி இல்லாம பதப்படுத்தி வர்றது. காயத்து மேல வச்சா அப்படியே புடிச்சுக்கும். இந்த மாதிரி அடிக்கடி பிரிக்கத் தேவையில்ல. பிள்ளைக்கு வலி குறையும்."

நாகையா முகத்தைச் சுளித்தார். "மீனா? விரத வீடு டாக்டர். பிள்ளைய பால்குடம் எடுக்க நேந்திருக்கோம். மீன உடம்புல ஒட்டிக்கிட்டு எப்படி முருகன் முன்னால நிப்பா?"

"அம்மா அப்பாதான் முடிவு சொல்லணும்," என்று டாக்டர் கன்னையாவைப் பார்த்தார்.

கன்னையா அண்ணனைப் பார்த்தான். "பூசம் முடியட்டும்லா. அப்புறம் போட்டுக்கலாம்."

குமுதா பாசாரில் ஒரு நாளும் குரலை உயர்த்தியவள் இல்லை. அன்று வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"அது வரைக்கும் அவ வலியும் விரதம் இருக்குமா? சொல்லுய்யா! என் கையில மீன் நாத்தம்னு என்னைய வெளிய நிறுத்துனீங்க. அதனாலதான் எம்புள்ள அடுப்புல ஏறுச்சு. இப்ப மருந்தும் மீனுன்னு அதையும் வெளிய நிறுத்துவீங்களா?" பிறகு நாகையாவின் பக்கம் திரும்பினாள். "பூசம் முடிஞ்ச மறுநாளே தெங்கிரி மீனு நல்லதா எடுத்து வைய்யின்னு போன் போடுற வாய்தானே மாமா இது?"

"பொம்பள பேசுற பேச்சா இது?" என்றார் நாகையா. வேறு என்ன சொல்வார்? அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குமுதா டாக்டரோடு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

மீன் தோலை வைத்த பிறகு அந்தக் கதறல் நின்றது. வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் பிள்ளை தூங்கினாள், சாப்பிட்டாள், கைப்பேசியில் கார்ட்டூன் போடச் சொல்லிக் கேட்டாள். நாகையா அதன்பிறகு வரவில்லை. கன்னையா மட்டும் மாலையும் மஞ்சள் வேட்டியுமாக வந்து, கட்டிலைத் தொடாமல் தள்ளி நிற்பான். பெற்ற பிள்ளையைத் தொட்டால் தீட்டாம். அந்த மாலையைப் பிடித்து இழுக்கலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. சாமிக்காகத்தான் சும்மா இருந்தேன்.

பூசத்துக்கு முதல் நாளும் அப்படித்தான் வந்து நின்றான். குமுதா பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். லோகிதா தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். பிறகு தள்ளி நிற்கிற அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா, இப்ப என் மேலயும் மீன் இருக்குல்ல?"

"ஆமாடா."

"அப்ப வீட்டுக்குப் போனா நானும் அடுப்படிக்குள்ள போகக் கூடாதா? அப்பா என்னையும் தொட மாட்டாரா?"

குமுதா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை கத்தவில்லை.

"என்னைய இல்ல, உன்னத்தான் கேக்குறா. பதில் சொல்லு."

அவன் மாலையை உருட்டிக்கொண்டே நின்றான். மறுநாள் காவடி எடுத்தான். பத்துமலைப் படி முழுக்க ஏறினானாம், அலகு குத்தியும் சொட்டு ரத்தம் வரவில்லையாம், நாகையா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பிள்ளைக்கு மட்டும் அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.