சிவப்பு வெளிச்சத்தில் தெளிந்த முகம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாற்றலாகித் தலைமன்னாருக்கு வந்த புதிதில் நடந்தது இது. ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. வேலை செய்யும் கந்தோர் விட்டால் வீடு; வீட்டில் நான் மட்டும். லீவு நாட்களில் பழைய ஃபிலிம் கமராவோடு கரைக்குப் போவேன். குளியலறை யன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு பல்பைப் போட்டு, நானே பிரிண்ட் போடுவேன். யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பல ஞாயிறுகள் அந்த இருட்டில் போயிருக்கின்றன.

அப்படியொரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்த நேரம், ஒரு பெண் வாசல் படலையில் வந்து நின்றார்.

"மிஸ், நீங்கள் கரையில படம் எடுக்கிறனீங்களாம். என்ர மனிசன் ஏதும் படத்தில நிக்கிறாரோ?"

அவருடைய கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படங்கள் இருந்த ஃபோனும் அவரோடு போய்விட்டது.

"கலியாணப் படம் இருக்கு. ஆனா அதில கோட்டுப் போட்டு நிக்கிற ஆளைப் பிள்ளையளுக்கு அடையாளம் தெரியாது, மிஸ்."

நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினோம். படகில் சாய்ந்து நின்ற ஒருவரை, நிற்கிற விதத்தை வைத்தே அவர் கண்டுபிடித்தார். பின்னால் கண்ணைக் கூசவைக்கும் கடல். தொப்பிக்குக் கீழே முகம் முழுக்க நிழல்.

அவரையும் இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். முதல் பிரிண்டில் முகம் கரியாக இருந்தது. அடுத்ததில், கம்பி நுனியில் சின்ன மட்டைத் துண்டை ஒட்டி, முகம் விழும் இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைத்தேன். மறைத்தது கூடிப்போய் முகம் நோயாளியுடையதுபோல வெளிறிவிட்டது.

"அவர் இப்பிடி வருத்தக்காரன் மாதிரி இல்லை."

திரும்பத் திரும்பப் போட்டேன். தாள்கள் தீர்ந்துகொண்டே வந்தன. கடைசித் தாளைப் படம் கழுவும் மருந்துத் தட்டில் போட்டு மெல்ல ஆட்டினேன். படகு வந்தது. தொப்பி வந்தது. பிறகு கண்கள், மீசை, ஒரு பக்கச் சிரிப்பு.

அவர் தட்டுக்கு மேல் குனிந்தார். "வந்திட்டீங்களோ..." என்றார், கடல்தொழிலால் திரும்பி வந்தவரிடம் கேட்பதுபோல. பிறகுதான் அழுதார். என் கை அவர் தோளில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

படம் காயும்வரை தேநீர் குடித்தபடி கணவரைப் பற்றியே பேசினார். புறப்படும்போது என் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"தனியவோ இருக்கிறனீங்கள்?"

"ஓம்."

என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார்.

இன்றும் நான் அந்த இருட்டறையில் தனியாகத்தான் நிற்கிறேன்; ஆனால் தட்டில் ஒரு முகம் தெளியத் தொடங்கும்போதெல்லாம், இந்த முகத்துக்காகவும் எங்கோ ஒருவர் காத்திருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்கிறேன்.