வங்கியை உருக்கச் சொன்ன நாள்

அடையாறில் தனியாக ஒரு காபி குடித்ததால்தான் அந்த வங்கியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். வங்கி என்றால் பணம் போடுகிற பாங்க் இல்லை. கல்யாணப் பெண்ணுக்கு மேல்கையில் இறுக்கிப் போடுவார்களே, அந்தத் தங்க வங்கி.

அன்று கண் டாக்டரிடம் போயிருந்தேன். வழக்கமாக என் கணவர் கூட வருவார்; அவருக்கு ஜுரம், அதனால் தனியாகப் போனேன். சொட்டு மருந்து விட்டதில் வெளியே வந்ததும் வெயில் கூசியது. எதிரில் ஏ.சி. போட்ட ஒரு காபிக் கடை இருந்தது. உள்ளே போய் ஒரு காபியும் ஒரு கேக் துண்டும் வாங்கிக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு கேக்கைவிட இனிப்பாக இருந்தது. போனிலேயே பணம் கட்டிவிட்டு ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் வந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து குரல் வந்தது.

"காபி எப்படி இருந்தது? கூட ஏதோ சாப்பிட்டிருக்கியே, வெறும் காபிக்கு இவ்வளவு ஆகாதே!"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். போர்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் போனோடு. கூட்டுக் கணக்கிலிருந்து பணம் போனால் அவர் போனில்தான் மணி அடிக்கும். நான் தெருமுனையில் தக்காளி வாங்கினால் மாடி ஏறுவதற்குள் அவருக்குத் தெரியும். "தக்காளி விலை இறங்கிடுத்து போலிருக்கே" என்பார்.

அவர் நல்லவர். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் தப்பாகிவிடும். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்திப் பேசியதில்லை. நான் கேட்டு எதையும் இல்லை என்று சொன்னதில்லை. கேஸ், கரண்ட், இன்ஷூரன்ஸ், என் மருந்துச் சீட்டு வரை எல்லாம் அவர் பொறுப்பு. மகள் பிறந்ததும் நான் பள்ளிக்கூட வேலையை விட்டபோது, "இனிமே உனக்கு ஒரு கவலையும் வேண்டாம்" என்றார். சொன்னபடியே செய்தார். கணக்கு, கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் தன் போன் நம்பரையே கொடுத்தார். "கண்டவன் கூப்பிட்டு உன்னை ஏமாத்துவான். என் நம்பர் இருந்தா எனக்குத்தானே வரும்" என்று விளக்கம். எனக்கும் அப்போது அது சௌகரியமாகவே இருந்தது.

காபியைப் பற்றிக் கேட்ட அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்பட அவர் என்ன செய்துவிட்டார்? ஆனால் கழுத்து வரை போர்வையால் இறுக்கிச் சுற்றிய மாதிரி இருந்தது. என் கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று யாருக்கும் சொல்ல வேண்டியிராத பணம். செலவு செய்யக்கூட வேண்டாம், இருந்தால் போதும்.

அப்போதுதான் வங்கி ஞாபகம் வந்தது. என் அம்மா தன் காசு மாலையை அழித்து என் கல்யாணத்துக்குச் செய்து போட்டது. சிவப்புக் கல் பதித்து, கீழே முத்து தொங்கும். பின்னால் திருகாணி. முகூர்த்தத்தன்று அது என் கையைக் கடித்த கடியில் மாங்கல்ய தாரணமே எனக்குச் சரியாக நினைவில்லை. அதற்குப் பிறகு நான் அதைப் போடவில்லை; போட்டாலும் இப்போது பாதிக் கைக்குக்கூட ஏறாது. லாக்கரில் கிடந்தது. போன வருஷம் தங்கை பெண் கல்யாணத்துக்கு வெளியே எடுத்தோம். அவள் ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு, "பெரிம்மா, இது ஏதோ பிளட் பிரஷர் பார்க்கற பட்டை மாதிரி இருக்கு" என்று கழற்றித் தந்தாள். மறுபடி லாக்கருக்குப் போகாமல் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் தங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அவர் கணக்குக்கு வராமல் இருந்த பொருள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் காலையில், "தி.நகர்ல டெய்லர்கிட்ட ரவிக்கை குடுத்துட்டு வரேன்" என்றேன். பொய் இல்லை, இரண்டு ரவிக்கைத் துணிகளையும் பையில் வைத்திருந்தேன். வங்கி அவற்றுக்கு நடுவில் இருந்தது.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்."

ஆட்டோக்காரர், "இன்னாம்மா, தி.நகரா? பாலத்தாண்ட ஒரே டிராபிக்கா கீது, சுத்திக்கினுதான் போணும்" என்றார். சுற்றிக்கொண்டே போங்கள் என்றேன். அவருக்கு ஆச்சரியம்.

பழைய நகைக்கு உடனே ரொக்கம் என்று ஆட்டோக்களின் முதுகில் பார்த்த கடை. முதல் மாடி. உள்ளே போக இரண்டு கண்ணாடிக் கதவுகள், நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம். வெளிக் கதவு சாத்திய பிறகுதான் உட்கதவு திறக்கும். திருட்டுப் பயம். காவலாளி பித்தானை அழுத்தி என்னை உள்ளே விட்டார்.

முதலாளி தெற்கத்திக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. வங்கியைக் கையில் வாங்கி, திருகாணியைத் திருப்பிப் பார்த்து, ஒரு மெஷினில் வைத்துச் சோதித்தார்.

"நல்ல பழைய வேலைம்மா. ஆனா உள்ள அரக்கு இருக்கு, கல்லு இருக்கு. உருக்குனாத்தான் உண்மையான எடை தெரியும். உருக்கிட்டா பொறவு நகையா திருப்பித் தர முடியாது, பாத்துக்கிடுங்க. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதீங்களா?"

"கேக்க வேண்டாம். உருக்குங்கோ" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏதோ பெரிய உத்தரவு போடுகிற மாதிரி இருந்தது.

கல்லையும் முத்தையும் நெம்பி எடுத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வங்கியைக் கத்தரித்தார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நெருப்பில் அது முதலில் கறுத்து, அப்புறம் குழைந்து, கடைசியில் சிவந்த ஒரு சொட்டாகத் திரண்டது. அம்மாவின் ஞாபகம் வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை. ஆறியதும் சின்ன பிஸ்கட் துண்டு போல ஒரு கட்டி தராசுக்கு வந்தது. முதலாளி எடை பார்த்து, கழிவு போக இவ்வளவு வரும் என்று ஒரு தொகை சொன்னார்.

கவுன்டரில் இருந்த பெண் என் ஆதாரை முன்பே வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். இப்போது நிமிர்ந்து, "மேடம், ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்றாள்.

என் போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"எனக்கு வரலையே."

"ஆதார்ல இருக்கற நம்பருக்குத்தான் வரும் மேடம்."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. "அது இல்லாம முடியாதா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. அவர்தான்.

"உன் ஆதாருக்கு ஏதோ ஓ.டி.பி. வந்திருக்கு. எவனோ ஃபிராடு பண்றான். யார் கேட்டாலும் ஒண்ணும் சொல்லாதே. எங்கே இருக்கே?"

"டெய்லர் கடையில."

"பயப்படாதே. நான் இப்பவே பாங்குக்குப் போன் பண்ணி நம்ம கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

"மேடம், டைம் முடியப் போவுது, ஓ.டி.பி.யைச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண், சத்தமாக.

"யாரது?" என்றார் அவர்.

பொய்யை இன்னும் ஒரு படி நீட்டியிருக்கலாம். ஆனால் அவர் பாங்குக்குப் போன் செய்துவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய அக்கறை நின்றுகொண்டிருந்தது.

"நகைக் கடையில இருக்கேன். வங்கியை விக்க வந்தேன்" என்றேன்.

"ஓ.டி.பி.யெல்லாம் போன்ல சொல்லப்படாது. அங்கேயே இரு, வரேன்" என்றார். கடைப் பெயரைக் கேட்டார். சொல்லிவிட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் ஒரு புருஷனும் மனைவியும் கொலுசு விற்க வந்து, இந்தக் கடையில் வெள்ளி வாங்குவதில்லை என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்கள் இரண்டு கதவுகளையும் தாண்டி வெளியே போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் போகலாமே என்று தோன்ற இவ்வளவு நேரமாயிற்று.

"கட்டியாவே எடுத்துண்டு போலாமா?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"தாராளமா. உங்க பொருள்தானம்மா. உருக்குக் கூலி மட்டும் குடுத்தாப் போதும்."

பையில் ஆட்டோவுக்கென்று வைத்திருந்த சில்லறையிலிருந்து கூலியைக் கொடுத்தேன். அவர் நிதானமாக எடை போட்டு, தாளில் மடித்து, ரசீது எழுதினார். அவர் எழுதி முடிக்கிறவரை எனக்கு நிலைகொள்ளவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. பாலவாக்கத்தில் என் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று மங்கலாக ஒரு எண்ணம்.

உட்கதவு திறந்தது. நடுவில் போய் நின்றேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. எதிரே, வெளிக் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

நான் வெளியே போவதற்காகக் காவலாளி கதவைத் திறந்தார். அதற்குள் என் கணவர் உள்ளே நுழைந்துவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. ஓர் ஆள் நிற்கிற இடத்தில் இரண்டு பேர். அவர் உடம்பின் சூடு என் மேல் அடித்தது.

"பயந்தே போயிட்டேன்" என்றார், என் தோளைத் தொட்டு. "யாராவது உன்னை மிரட்டி அழைச்சுண்டு வந்துட்டாளோன்னு."

உட்கதவு திறந்தது. "வா" என்று முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வா என்றார், போனேன், அவ்வளவுதான்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். என் பையிலிருந்த கட்டியைக் கேட்டார், கொடுத்தேன். அதன் பிறகு அந்த அறையில் யாரும் என்னிடம் பேசவில்லை. முதலாளி "சார், சார்" என்று அவரிடமே பேசினார். இன்றைய விலை என்ன, எதற்கு இவ்வளவு கழிவு, அரக்கு போன பிறகும் ஏன் கழிக்கிறீர்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கத்தாமல், மரியாதையாகக் கேட்டு, எனக்குச் சொன்னதைவிடக் கூடுதலாகவே வாங்கிவிட்டார்.

"ரொக்கமா முழுசும் தர முடியாது சார், கணக்குலதான் போட முடியும்" என்றார் முதலாளி.

"அதுதான் முறை" என்று சொல்லி, கூட்டுக் கணக்கின் நம்பரைப் பார்க்காமலே ஒப்பித்தார். புதிதாக வந்த ஓ.டி.பி.யைத் தானே தட்டினார். சற்று நேரத்தில் அவர் போனில் மணி அடித்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பார், வந்துடுத்து."

திரும்பி வரும் வழியில், ஆட்டோ ராயப்பேட்டை சிக்னலில் நின்றதும் கேட்டார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு சொல்ல வேண்டாத பணம் கொஞ்சம் வேணும்னு இருந்தது."

"நான் என்னிக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்லை."

"பின்னே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே புரியாமல் கேட்டார். கண் கலங்கியிருந்தது. "உங்கம்மா ஆசையாப் போட்டது. அதை அழிக்கற அளவுக்கு நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்றார். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நானாகிவிட்டேன். "குறையெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றேன். பச்சை சிக்னல் விழுந்தது.

மறுநாளே பாங்குக்குப் போய், அந்தப் பணத்தை என் ஒருத்தி பெயரிலேயே டெபாசிட்டாகப் போட்டுவிட்டு வந்தார். சாப்பாட்டு மேஜையில் ரசீதை வைத்து, "உன் பேர்லயே போட்டாச்சு. இப்போ சந்தோஷமா?" என்றார். அதில் தொடர்புக்கு அவருடைய போன் நம்பர் இருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வேறு நம்பர் எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

சில வாரங்கள் கழித்து, தபாலாபீசில் ஆதாருக்கு நம்பர் மாற்றித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "என் நம்பரைப் போட்டுண்டு வரேன்" என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் போக இந்த முறை மனம் வரவில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்தார். "போட்டுக்கோயேன். கூட்டமா இருக்கும், நானும் வரேன்" என்றார். வேண்டாம் என்றேன். "சரி" என்றார். என்னுடன் கீழே இறங்கி வந்து, ஆட்டோவை நிறுத்தி, கட்டணம் பேசி, ஏற்றிவிட்டார்.

வரிசையில் நெடுநேரம் நின்றேன். என் விரல் ரேகை மெஷினில் விழவில்லை. பாத்திரம் தேய்க்கிற கைக்கு அப்படித்தான் ஆகும், கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். வெளியே குழாயில் கழுவிவிட்டு வந்தபோது வரிசை இன்னும் நீண்டிருந்தது. மறுபடி நின்றேன். கடைசியில் விழுந்தது. நம்பர் மாறிவிட்டது.

டெபாசிட் மட்டும் அப்படியே இருக்கிறது. எடுக்கலாமா என்றால், நடுவில் உடைத்தால் வட்டி போய்விடும், முதிர்கிறவரை பொறுத்துக்கொள் என்கிறார். கணக்குப் போட்டும் காட்டினார். அவர் சொல்வது சரிதான்.