இட்லிக்கு முன்னால் இருபத்திரண்டு கிணறு

புரொடக்‌ஷன் சீட்டின் பின்பக்கத்தில் பச்சை மையால் எழுதிய ஒரு பட்டியல். ஏழரை மணி, லாட்ஜுக்கு எதிர்ச்சந்தில் இட்லி. பத்தரை, கோயில் தெருவில் டீயும் பன்னும். ஒரு மணி, பாம்பன் போகும் வழியில் மீன் சாப்பாடு. மீன் ஆகாதவர்களுக்குப் பக்கத்துக் கடையில் சாம்பார் சாதம். ராமேஸ்வரம் தீவில் இரண்டு நாளும் எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று எங்கள் லைன் லீடர் அக்கா, ஓசூர் எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் நிற்கும் லாரி டிரைவர்களிடம் விசாரித்து எழுதி வைத்தது. டூர் வந்த மற்றவர்கள் கடலில் எப்போது குளிக்கலாம் என்று கேட்க, இவள் மட்டும் சோற்றைப் பற்றியே பேசினாள். பஸ்ஸில் அவளுக்குச் சாப்பாட்டு ராணி என்று பெயர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் எனக்கு ஏதோ தெரியும் என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பயம்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் மின்சுவிட்ச் பூட்டும் கம்பெனி ஒன்றில், ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை செய்த பெண்கள் நாங்கள். நான் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்து, அக்காவோடு ஒரே வாடகை அறையில் தங்கியிருந்தேன். குடிபோன மூன்றாம் நாளே, அவள் ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்துத் தொடையில் குத்திக்கொள்வதைப் பார்த்துவிட்டேன். இருபத்தாறு வயதில் சர்க்கரை வியாதி. ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், தவறினால் சர்க்கரை மளமளவென்று இறங்கி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அப்போதுதான் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை எங்கள் லைனிலேயே, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பாள். "தாலி ஏறட்டும், நானே அவருகிட்ட சொல்லிக்கிறேன். அதுக்கு முன்னால உன் வாயத் தொறந்த, அவ்ளோதான் பாத்துக்க" என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அது சரியா தப்பா என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு. அந்தச் சத்தியம் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு லாட்ஜ் குளியலறையில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் மொத்தக் கூட்டமும் துண்டோடு நிற்கிறது. வெறும் வயிற்றோடு கடலில் முழுகி, கோயிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தக் கிணற்றிலும் குளித்த பிறகுதான் பச்சைத் தண்ணீர்கூட என்று முடிவு செய்துவிட்டார்களாம். "நீங்க முன்னால போங்க, நான் ரெண்டு இட்லி துன்னுட்டு ஓடியாந்துர்றேன்" என்றாள் அக்கா. மாப்பிள்ளையின் தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சாமி கும்புட வந்த எடத்துலயுமா அண்ணி? எங்கூட்டுல அரிசி மூட்டையப் பூட்டித்தான் வைக்கணும் போல" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். அவளுக்காக நான் எப்போதும் வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலம் என்னிடம் இல்லை. நனையப் போகிறோமே என்று, புத்திசாலி மாதிரி, அறையிலேயே வைத்துவிட்டேன்.

கிணற்றுக்குக் கிணறு வரிசை. மேலே நிற்பவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்ற, அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். எல்லாரும் ஒவ்வொரு தண்ணீரின் ருசியையும் பேசிக்கொண்டு போக, நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பத்தாவது வரை நன்றாகத்தான் பேசினாள். பதினாறாவதில் உதடு வெளுத்துவிட்டது, என் கையைப் பிடித்த விரல்கள் நடுங்கின. குளிராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லத்தான் சொன்னேன், நம்பவில்லை. எங்கள் கம்பெனியில் என்ன ஆனாலும் பெல்ட்டை நிறுத்துவது லைன் லீடர் மட்டும்தான். பக்கத்தில் இருப்பவள் விரலை வெட்டிக்கொண்டாலும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் வாய் திறப்போம். பாழாய்ப்போன அந்தப் பழக்கத்தில், அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இரண்டடி முன்னால் மாப்பிள்ளையின் தங்கை போய்க்கொண்டிருந்தாள். இப்போது கத்தினால் கல்யாணம் போச்சு. கத்தாவிட்டால்? அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

இருபத்தொன்றாவது கிணற்றடியில் அக்கா நின்றுவிட்டாள். என்னைப் பார்த்து, "பெல்ட்டு ஆபவே, பெல்ட்டு ஆபவே" என்றாள். தெலுங்கு அவள் வீட்டு மொழி. பெல்ட்டை நிறுத்துடி என்கிறாள், கோயிலுக்குள் நின்றுகொண்டு. அப்படியே கால் மடங்கி ஈரக் கல்லில் சரிந்தாள். அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "அக்காவுக்கு சக்கர வியாதிங்க, காலையில ஊசி போட்டுட்டு ஒண்ணுமே சாப்புடல, யாராவது இனிப்பு குடுங்க" என்று அழுதுகொண்டே சுற்றிச் சுற்றி ஓடினேன். கன்னடம் பேசிய ஓர் அம்மா தன் பையிலிருந்த வெல்லத்தை நசுக்கி அவள் ஈறில் தேய்த்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, மதியத்துக்கு மேல்தான் கண் திறந்தாள். மாப்பிள்ளையின் தங்கை கட்டிலருகே நின்றாளே தவிர, அண்ணி என்று கூப்பிடவில்லை.

ஓசூருக்குத் திரும்பிய இரண்டாவது வாரம் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. சேதி வந்த சாயங்காலம் அக்கா அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஊரறியக் கத்திக் குடியைக் கெடுத்தாயே என்று திட்டப் போகிறாள் என்று நான் மூலையில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எந்தக் கெணத்துல உனக்குத் தெரிஞ்சுது?" என்றுதான் கேட்டாள்.

"இருபத்தொண்ணுலக்கா. நீங்க விழுந்தப்ப."

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. "அப்பிடியா" என்றாள். "பதினாறுலயே உன் கையப் புடிச்சு நல்லா அமுக்கினேன். நீ கவனிக்கல போல."

"ஆமாக்கா, கவனிக்கல" என்றேன்.