கானில் கிடந்த முனியாண்டி

இராக்கம்மா கோபக்காரி என்று ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஒரு பேச்சு உண்டு. அது பச்சைப் பொய். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எத்தனை வசவு வாங்கியும் வாய் திறக்காதவள். அவளுக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு தடவைதான். அன்றும் வராமல் இருந்திருந்தால்தான் தப்பு.

அவள் புருஷன் அழகர் மதுரைப் பக்கத்திலிருந்து இலங்கைக்குத் தோணி ஏறியபோது, ஊர் முனியாண்டி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தவர். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, கூட வந்தவர்களில் பாதிப் பேரைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்ததும் அந்த மண்ணைக் கொட்டி அதன்மேல் ஒரு கல்லை நட்டார். பிடிமண் போன இடத்துக்குச் சாமியும் போகும் என்பது அவர்கள் வழக்கம். பிள்ளை பிறந்தாலும், தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தாலும், அந்தக் கல்லுக்குத்தான் முதல் கும்பிடு. அழகர் செத்த பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அங்கே விளக்கேற்றியது இராக்கம்மா.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழில் தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கும் பெரிய கங்காணி மாடசாமிக்குப் புதுப் பக்தி பிறந்தது. கோபுரம் வைத்து முருகன் கோயில் கட்டினார். இந்தியாவிலிருந்து ஐயரை வரவழைத்தார். கட்டட்டும், யார் வேண்டாம் என்றது? அதோடு நின்றாரா?

"கோழியும் சாராயமும் கேக்குறது சாமியா? தொரை பாத்தா சிரிப்பாரு. அதெல்லாம் கடல் தாண்டி வராது. வெறுங்கல்லு" என்று சொல்லி, ஆளை விட்டு முனியாண்டிக் கல்லைப் பெயர்த்துத் தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டிய கானில் உருட்டிவிட்டார். அவருடைய தலைச்சன் பிள்ளைக்கு முடி இறக்கியதே அந்தக் கல்லுக்கு முன்னால்தான்! மனுஷனுக்கு வெட்கம் வேண்டாமா? இராக்கம்மா வெள்ளிக்கிழமை கான் கரையிலேயே விளக்கை வைத்தாள். அது கங்காணியின் கண்ணை உறுத்தியது.

மூன்று மாதம் கழித்துப் புதுக்கோயிலில் முருகனின் வெள்ளி வேல் காணாமல் போயிற்று. அங்கே வாசல் கூட்டியவள் இராக்கம்மாவின் மகள் ஜெயலெட்சுமி.

"அவதான் எடுத்தா. முந்தானையில சுத்திக்கிட்டுப் போனதை என் கண்ணால பாத்தேன்" என்று லயத்து ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னார் கங்காணி. தோட்டத்து ஆள் பதிவில் பேரை வெட்டிவிட்டால் லயத்தில் அறை கிடையாது. தாயும் மகளும் ரோட்டில்தான் நிற்க வேண்டும். முருகன் சந்நிதியிலேயே சத்தியம் செய்கிறேன் என்று ஜெயலெட்சுமி அழுதாள்.

"இங்க பண்ணா யாரு நம்புவா? முனியாண்டி முன்னால சூடத்தை அணைச்சுச் சொல்லட்டும். அப்பத் தெரியும்" என்றார் கங்காணி.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துப் பொய் சொன்னவரை முனியாண்டி எட்டு நாளில் கேட்டுவிடுவார் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். பெண் பயந்து பின்வாங்குவாள் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் அப்படிச் சொன்னார். இராக்கம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"வெறுங்கல்லுன்னீங்களே அய்யா! கடல் தாண்டி வராதுன்னீங்களே! எம்மகளைப் பயமுறுத்த மட்டும் வந்துட்டாரா?"

பதிலுக்கு நிற்காமல் கானில் இறங்கினாள். சேற்றில் புதைந்து கிடந்த கல்லைத் தனியாளாகப் புரட்டி, மார்போடு அணைத்துத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தாள். கங்காணியும் ஆட்களும் பின்னாலேயே வந்தார்கள். கல்லைக் கழுவிச் சூடம் ஏற்றினாள். ஜெயலெட்சுமி தயங்கவே இல்லை. "நான் எடுக்கல சாமி" என்று ஓங்கி அடித்து அணைத்தாள்.

இராக்கம்மா இன்னொரு சூடத்தைக் கொளுத்தினாள். "இப்ப நீங்க வாங்கய்யா. கண்ணால பாத்தேன்னு சொன்னீங்கல்ல, அணைச்சுட்டுச் சொல்லுங்க."

கங்காணி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல."

"நம்பிக்கை இல்லாதவருக்குப் பயம் எதுக்கு? வெறுங்கல்லுதானே, கையை நீட்டுங்க!"

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எடுத்த மாதிரி இருந்துச்சு... சரியாப் பாக்கல" என்று முணுமுணுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். வெள்ளி வேல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஜெயலெட்சுமியின் பேரை வெட்டுகிற பேச்சும் அதன்பிறகு எழவில்லை.

அவர் போன பிறகுதான் ஆட்கள் கவனித்தார்கள். பத்தடி தள்ளிப் பாதையோரத்தில் கங்காணியின் செருப்பு இரண்டும் கிடந்தன. வெறுங்கல்லுக்கு முன்னால் வரும்போதே கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.