மஞ்சளை எண்ணியவர்

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவது என் வேலை. அங்கே செல்களை எண்ணுகிறவரை எல்லோரும் ‘மூணு மாசம்’ என்றே கூப்பிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அவருக்கு வேலையை நீட்டிப்பார்கள். ரத்த வங்கி, எலிக்கூடம் என்று ஆறு வருடம் சுற்றிவிட்டு எங்களிடம் வந்திருந்தார். சுவரில் கொக்கிகள் காலியாக இருந்தும், பையை மடியிலேயே வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார்.

“பைய மாட்டுங்கண்ணே, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க” என்பார் காவலாளி.

“பை இருக்கும்ப்பா. நான் இருப்பேனான்னுதான் தெரியல.”

எலிகளுக்கு ரத்தச் செல்களைச் செலுத்தி, நாள்வாரியாக அவற்றின் குடலை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றுவார். ரத்தத்தில் சுற்றிவிட்டு அப்போதுதான் குடலுக்குள் நுழைந்த செல் பச்சையாகத் தெரியும். குடலிலேயே தங்கிவிட்டது சிவப்பு. அது கிருமியை விழுங்கும். ஆனால் வீண் சண்டை கிளப்பாது. முதலாவது எப்படி இரண்டாவதாகிறது என்பதுதான் கூடத்தை நடத்தும் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. இரண்டு நிறமும் சேர்ந்து மஞ்சளாகத் தெரிந்தால் சாயக் கோளாறு, எண்ண வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

இவர் அதையும் எண்ணித் தனியாக எழுதி வைத்தார். வெள்ளிக்கிழமையோடு தவணை முடிகிற வாரத்தில் டாக்டரம்மா நோட்டைப் பார்த்துவிட்டார்.

“வேண்டாம்னு சொன்னத எதுக்கு எண்ணுனீங்க? இந்த லட்சணத்துல உங்கள நீட்டிக்கச் சொல்லி நான் எப்படி எழுதறது?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கோளாறுன்னா எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கணும் மேடம். மொத நாள் மஞ்சளே இல்ல. மூணாம் நாள் எங்க பாத்தாலும் மஞ்சள். ஆறாம் நாள் மஞ்சள் கொறஞ்சு சிவப்பாயிடுது. பழைய அடையாளம் இன்னும் போகல, புதுசு வந்துடுச்சு. பாதி வழியில நிக்கிற செல்லுங்க.”

டாக்டரம்மா நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். சாப்பாட்டு வேளை தாண்டியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், “எல்லாத்தையும் புது எலிகள்ல திரும்ப எண்ணணும். ஒரு வருஷம் பிடிக்கும். நீங்களே எண்ணுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் வேலையை ஒரு வருடத்துக்கு நீட்டிக்கும் தாள் வந்தது.

“இனிமே ‘ஒரு வருஷம்’னு கூப்பிடணுமா?” என்றார் காவலாளி. அவர் சிரித்தார்.

திங்கட்கிழமை ஓரத்துக் கொக்கியில் பை தொங்கியது. அன்றும் தனியாகத்தான் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்த பின், காலியான மடியில் கைகளை எப்படி வைப்பது என்று தெரியாமல் இரண்டு மூன்று முறை மாற்றி வைத்துப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் போய் உட்காரலாம் என்று எனக்குத் தோன்றியது. உட்காரவில்லை.