லைட் எரிந்தது, வண்டி எடுக்கவில்லை

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனராக இருந்த இரண்டு வருடத்தில் ஒரே ஒரு மின்சார வித்தை கற்றுக்கொண்டேன். சின்ன பல்பில் இரண்டு வயரைச் சுற்றி, எங்கே கரண்ட் வருகிறது, எங்கே வரவில்லை என்று தொட்டுப் பார்ப்பது. பிறகு திருப்பூர், கோழிக்கோடு, புனே என்று சுற்றினேன். கடைசியில் குற்றாலம் சீசனில் சவாரி ஓட்டலாமென்று ஒரு பழைய காரோடு தென்காசிக்கு வந்தேன். அறை கிடைக்கும்வரை காரிலேயே படுத்துக்கொண்டேன்.

மேலகரத்தில் அறை கிடைத்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு. சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆய்க்குடியில் உள்ள மையத்தில் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க ஒருநாள் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே ஒரு தடவை, புண் ஆறவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதையும் விட்டால் அளவெடுக்கிறவர் மறுபடி எப்போது வருவாரென்று யாருக்கும் தெரியாது. ஆட்டோ குலுங்கினால் வெட்டிய இடத்தில் ரத்தம் கசிகிறது. என் கார் முன் சீட்டைப் பின்னால் தள்ளினால்தான் அவரால் உட்கார முடியும்.

அன்று எட்டரைக்குச் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாவியை விட்டால் ஹெட்லைட் நன்றாக எரிந்தது. ஹாரன் அடித்தது. திருப்பினால் எல்லாமே அணைந்தது.

பானட்டைத் திறந்து பல்பை எடுத்தேன். பேட்டரியில் வைத்தேன், எரிந்தது. அதிலிருந்து போகும் வயரின் முனையில் வைத்தேன், எரிந்தது. ஸ்டார்ட்டரில் வைத்தேன், அங்கேயும் எரிந்தது. எல்லா இடத்திலும் எரிந்தால் கோளாறு எங்கேதான் இருக்கிறது? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒன்றை எங்கிருந்து எடுத்தேன் என்று மறந்துபோனது. சாரல் வேறு பிடித்துக்கொண்டது.

அண்ணாச்சியின் மனைவி, மதினி, அவருக்கு வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள். மணி ஒன்பதைத் தாண்டியது. தள்ளிப் பார்க்கலாமா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

“யாருலே தள்ளுவா? எனக்கு இருக்கது ஒரு கால்தான். அதுவும் உன்னோட மல்லுக்கட்டத்தான் சரியா இருக்கு.”

பிறகு அவர் கக்கத்துக் கட்டையை ஊன்றிக் காரருகே வந்தார். ஸ்டேஷனில் ஆளை நிறுத்தி விசாரிப்பதுபோல ஆரம்பித்தார்.

“நேத்து ஓடிச்சா?”

ஓடியது என்றேன். செங்கோட்டை வரை ஒரு சவாரி போய்வந்தேன்.

“அதுக்குப் பொறவு யாரு தொட்டா?”

யாரும் தொடவில்லை என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. எல்லாரும் மொதல்ல இதைத்தான் சொல்லுவானுக.”

நேற்று சந்தனம் வைத்தானே என்று மதினிதான் பதில் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம், நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி என்று சந்தனமும் குங்குமமும் கொடுத்தது அவள். ஸ்டீயரிங்கிலும் கண்ணாடியிலும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் மூலம் பேட்டரிதானே என்று அதில் வயரை மாட்டும் கிளாம்பைக் கழற்றி, முனையைத் துடைத்து, சுற்றிலும் கெட்டியாகச் சந்தனம் பூசி, குங்குமமும் வைத்து, மேலே கிளாம்பை இறுக்கியவன் நான். எனக்கு அது தொட்டதாகவே தோன்றவில்லை. பூஜை செய்ததாகத்தான் தோன்றியது.

“தொடச்சுப் பாரு. சாமி கோவிச்சுக்கிட்டா நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அண்ணாச்சி.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். முதல் திருப்பலிலேயே எஞ்சின் எடுத்தது. பத்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் ஆய்க்குடியில் இருந்தோம்.

அவர்கள் உள்ளே போனார்கள். நான் எஞ்சினை நிறுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். சந்தனம்தான் தடுத்ததென்றால் என் பல்பு மட்டும் எப்படி எரிந்தது? பல்புக்குக் கொஞ்சம் கரண்ட் போதுமாக இருக்கலாம். அப்படியானால் இத்தனை வருடம் அந்தப் பல்பு என்னிடம் எத்தனை இடத்தில் சரி என்று சொல்லி ஏமாற்றியிருக்கும்? அல்லது நான் இடம் மாற்றிச் செருகிய ஃபியூஸ்தான் ஏதோ செய்ததோ?

அவர் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. அளவெடுத்தாகிவிட்டது, மூன்று வாரத்தில் கால் வரும் என்றாள் மதினி. அவர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு மணி நேரமா ஓடிக்கிட்டா கெடக்கு? நிப்பாட்டிட்டு மறுபடி எடு, பாப்போம்.”

“வீட்டுக்குப் போய் நிப்பாட்டுதேன், அண்ணாச்சி” என்றேன்.