சாமிக்கு வைத்த கிளிப்புகள்

ஒரு கிளிப் தேய்ந்துவிட்டது என்று நான் சொன்னால் அது தேய்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பம்பு, மோட்டார், செயின் எல்லாம் என் சோதனைக்கு வரும். அவை எதுவும் என் உயிரை வாங்கியதில்லை. டாகிள் கிளிப்தான் வாங்குகிறது. கிளிப்பைச் சொல்லியும் குற்றமில்லை, அதை மாட்டுகிறவர்களைச் சொல்ல வேண்டும். அதிலும் முக்கியமாக என் அம்மாவை.

ஈரத் தோலைச் சுருக்கம் இல்லாமல் காய வைக்க, ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரும்புச் சட்டத்தின் மேல் அதை விரித்து, நாலு பக்கமும் இழுத்து, விளிம்பில் வரிசையாகக் கிளிப் போடுவார்கள். கிளிப்பின் வாய் தோலைக் கடித்துக்கொள்ளும். அடியிலிருக்கும் கொக்கி சட்டத்தின் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். பிறகு சட்டத்தோடு சூடான சேம்பருக்குள் தள்ளிவிடுவார்கள். கிளிப்பின் பல் தேய்ந்துபோனால் பிடி வழுக்கும். விறைப்பாக நிற்கிற தோல் அதைச் சும்மா விடாது, சுண்டிவிடும். தெறித்துப் போகிற கிளிப் சுவருக்குப் போனால் பரவாயில்லை. பெரும்பாலும் குனிந்து நிற்கிறவர் முகத்துக்குத்தான் வரும்.

அந்தச் சட்டத்தின் முன்னால்தான் என் அம்மா பல வருடமாகக் குனிந்து நிற்கிறாள். சின்ன வயதில் அம்மை போட்டதில் அவளுக்கு இடது கண் போய்விட்டது. மிச்சம் இருப்பது வலது கண் ஒன்றுதான். நான் டிப்ளமோ முடித்துவிட்டு அதே தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் ஒரு கிளிப் தெறித்து அவளுடைய வலது புருவத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்து, "ஒண்ணும் ஆவல, புருவம்தானே" என்றாள். புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அன்றைக்கு நினைக்க ஆரம்பித்தவள் நான், இன்னும் நிறுத்தவில்லை. அவள் ஆரம்பிக்கவே இல்லை.

பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தோம். சேம்பர் சூட்டுக்கு ஆவி படிகிறது என்று அதைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டாள். உச்சந்தலைக்கு நல்ல பாதுகாப்பு. ஆவி படியாத கண்ணாடி சென்னையிலிருந்து வந்தது. அது மூக்கை அறுக்கிறதாம்.

சரி, மனுஷியைத் திருத்த முடியாது, கிளிப்பையாவது பார்ப்போம் என்று வாரம் தவறாமல் ஷிப்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பேன். துண்டுத் தோலைக் கடிக்கக் கொடுத்து இழுப்பேன். வழுக்கினால் கழிவு. ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், கொக்கி நிமிர்ந்திருந்தாலும், வாயோரம் விரிசல் தெரிந்தாலும் கழிவு. கழித்ததன் முதுகில் சிவப்பு பெயின்டைத் தீற்றி நீல டிரம்மில் போட்டுவிடுவேன். மறுநாள் போய்ப் பார்த்தால் சிவப்பு முதுகோடு நாலைந்து கிளிப் அம்மாவின் சட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

"மா, செவப்பு போட்டதத் தொடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"புதுசுல பல்லு ஜாஸ்திடி. தோல்ல தடம் வுழுது. அப்புறம் மட்டத் தோலுன்னு தள்ளிட்டு எங்களத்தான் கத்துவாங்க. இது பழகுன கிளிப்பு."

"இழுத்தா வழுக்குதும்மா."

"நீ இழுத்தா வழுக்கும். நான் போட்டா வழுக்காது."

எந்தப் படிப்பில் இதற்குப் பதில் இருக்கிறது? சூப்பர்வைசர் பாயிடம் போய் நின்றேன். நல்ல மனிதர்தான், நான் சொன்னாலும் தலையாட்டுவார், அம்மா சொன்னாலும் தலையாட்டுவார். "ஏம்மா, உங்க வூட்டுப் பஞ்சாயத்த வூட்லயே முடிச்சிக்கக் கூடாதா?" என்றார். வீட்டில் முடிக்கலாம் என்று ராத்திரி சோற்றில் கை வைத்தபடி ஆரம்பித்தால், "துன்னும்போது கிளிப்பு பேசாத" என்று அம்மா குழம்பை ஊற்றிவிட்டு எழுந்துபோவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

எங்கள் முதலாளி முஸ்லிம். ஆனாலும் பூஜைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். பொரி, கடலை, இனிப்பு, பூசணிக்காய் எல்லாம் அவர் கணக்கில் வந்து இறங்கிவிடும். பண்டிகை அன்றைக்கு விடுமுறை என்பதால் முதல் நாளே பூஜை. அன்று மத்தியானமே மெஷின்களை நிறுத்திவிட்டு ஆளாளுக்குத் தன் தன் இடத்தைக் கழுவ ஆரம்பிப்பார்கள். எனக்கு பாய்லர் பக்கம் வேலை. சாயங்காலம் டாகிள் பிரிவுக்கு வந்தேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே சாமி படத்துக்கு முன்னால் கிளிப்புகள் குவியலாகப் பளபளவென்று இருந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, சில்வர் பெயின்ட் அடித்து, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஒரு நிமிடம் எனக்கே சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் நீல டிரம்மைப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பூசணிக்காயை வைத்திருந்தார்கள்.

"டிரம்முல இருந்ததெல்லாம் எங்க?"

"எல்லாம் இங்கதான் கீது" என்றாள் அம்மா. முழங்கைவரை வெள்ளிப் பூச்சு. "இன்னிக்கு ஒரு நாளு எதையும் ஒதுக்கக் கூடாதுடி. அதுவும் நமக்கு உழைச்ச பொருள்தானே?"

மாதக்கணக்கில் நான் பொறுக்கிப் பொறுக்கித் தள்ளிய அத்தனை கிளிப்பும் நல்லதோடு கலந்து, சிவப்பு மறைந்து, குவியலாகக் கிடந்தது. வாய்விட்டுக் கத்தியிருப்பேன், அதற்குள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். கும்பிட்டுத்தான் ஆக வேண்டும், கும்பிட்டேன். நான் பிரித்து முடிக்கும்வரை ஒருத்தரும் இதைத் தொடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். பாய் பின்னால் கைகட்டி நின்றிருந்தார். ஆரத்தி முடிந்ததும் பொரிக்கு முதலில் கை நீட்டியது அவர்தான்.

விடுமுறை முடிந்து திறந்த காலை, நாட்றம்பள்ளியிலிருந்து வரும் கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். பெயின்ட் பல்லுக்குள்ளும் போயிருந்தது. நல்ல கிளிப்பும் வழுக்கியது. தேய்ந்த கிளிப்பில் பெயின்ட் திட்டுத் திட்டாகக் காய்ந்து, தடவினால் பல் மாதிரியே இருந்தது. ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாய் வந்தார். "இன்னாம்மா, ஈரத் தோலு வந்து நிக்குது. ஜல்தி."

"இதுல ஒண்ணக்கூட நம்ப முடியாது பாய். இன்னிக்கு டாகிள நிறுத்துங்க."

"மொத்தமா நிறுத்துனா பேஜாராய்டும்மா. நீ பாத்துக் குடுக்கறத மட்டும் வெச்சி ஒரு சட்டம் ஓடட்டும். மீதியெல்லாம் நிக்கட்டும்."

அது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு சட்டம் யாருடைய சட்டம் என்று சொல்ல வேண்டுமா? அம்மா கண்ணாடியைத் தலைமேல் தள்ளிவிட்டு வந்து நின்றாள். எதிர்ப்பக்கம் பேரணாம்பட்டிலிருந்து வரும் ஒரு அக்கா. நான் தரையில் உட்கார்ந்து நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை டிரம்மிலும் போட ஆரம்பித்தேன். முதல் கிளிப் டிரம்மில் விழுந்த சத்தம் கேட்டதும் அம்மா திரும்பினாள்.

"சாமிக்கு வெச்சதக் குப்பைல போடறியே, உனுக்குக் கை வெளங்குமா?"

"உனுக்குக் கண்ணு வேணுமா வேணாமா?"

"காலங்காத்தால வாயில நல்ல வார்த்தையே வராதா?"

நான் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா டிரம்முக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறாள். தோலை இழுத்துப் பிடித்தார்கள். நான் நிமிர்ந்தேன். அம்மாவின் கைக்கு அருகில் ஒரு கிளிப் அசைந்ததைப் பார்த்தேன், கத்துவதற்கு நேரம் இல்லை. அது தெறித்து, அவள் வலது கன்னத்தை ஒட்டி எழும்பிப் போய், பின்னாலிருந்த தகரத்தில் மோதியது. எதிரே நின்ற அக்கா அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அசையவில்லை. இமைகூட ஆடவில்லை. தகரம் அதிர்ந்த பிறகுதான் தலையைத் திருப்பி, "இன்னா சத்தம் அது?" என்றாள்.

"கண்ணு முன்னாடி போச்சேம்மா!"

"எது?"

கிளிப்பைப் பொறுக்கிக்கொண்டு அவளிடம் போனேன். மோதியதில் சில்வர் பெயின்ட் முழுக்க உரிந்து, அடியிலிருந்த என் சிவப்பு நன்றாகத் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி, வாயத் தொறக்க மாட்டேங்கற?"

"கைல இன்னா வெச்சிருக்கேன், சொல்லு."

கையை நீட்டித் துழாவி, கட்டை விரலால் தடவினாள். "கிளிப்பு."

"இன்னா கலரு?"

"வெள்ளி கலரு. நான்தானே அடிச்சேன்?"

எதிரே இருந்த அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தினி மாசமாம்மா?" என்றேன்.

அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கத்தாத. பொக மாதிரி கீது, அவ்ளோதான். கிட்டப் போனா தெரியுது. பாய்க்குத் தெரிஞ்சா சட்டத்துல நிக்க வுடமாட்டாரு."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது? வேலூர் எங்கே இருக்கிறது, பஸ் ஏறினால் போய் இறங்கிவிடலாம். அங்கே இல்லாத டாக்டரா? இருக்கிற ஒரு கண்ணும் மங்கிக்கொண்டு வருவதை யாரிடமும் சொல்லாமல், என்னிடம்கூடச் சொல்லாமல், தினமும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, தெறிக்கிற இரும்புக்கு முன்னால் முகத்தைக் கொடுத்து நின்றிருக்கிறாள். அவளை அங்கேயே உட்கார வைத்து அடிக்கலாம் போல இருந்தது.

"கெளம்பு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இந்தத் தோல முடிச்சிட்டு வர்றேன்டி. பாதியில வுட்டா சுருங்கிடும். நீ பாத்துக் குடு, நான் மாட்டறேன்."

கோபத்தில் எனக்குக் கண்ணீர் வழிந்தது. ஒரு முழ தூரத்தில் நின்ற அம்மாவுக்கு அது தெரியவில்லை. உள்ளங்கையை விரித்து, அடுத்த கிளிப்பை வாங்க நீட்டிக்கொண்டு நின்றாள்.